வலது கீழ் மூலை குறித்து மாமாவின் அபிப்பிராயம்

பெர்மாஸ் ஜெயா,
திங்கட்கிழமை காலை.

அன்பு மருமகன் தயானந்தனுக்கு,

மாமா கமலநாதன் எழுதிக்கொள்வது. நானும் உன் மாமி சுபத்திராவும் இங்கே நலம். வழக்கமாக இந்த வரியை யாரும் படிப்பதில்லை, எழுதுகிறவனும் யோசித்து எழுதுவதில்லை. இந்தத் தடவை நீ இதை இரண்டு முறை படிக்க வேண்டும். மாமி நலம் என்றால், ஊசி குத்திச் சதை எடுத்து, கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்து, டாக்டர் கையெழுத்துப் போட்டு உறுதி செய்த நலம். சிங்கப்பூரில் நீயும் அதேபோல, ஆனால் சோதனை எதுவும் இல்லாமலே, நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

தீபாவளிக்கு வந்திருந்தபோது எங்கள் பழைய கணினியை ஒதுக்கிவிட்டு, உன் கம்பெனி சோதித்துப் பார்க்கும் புது மாதிரியைக் கொண்டுவந்து வைத்தாய். திரையின் வலது கீழ் மூலையில், மணிக்கூட்டுக்குப் பக்கத்தில், சின்னச் சின்னப் படங்கள் குந்தியிருக்கும் இடத்தையும் அங்கிருந்து எழும்பும் அறிவிப்புப் பெட்டிகளையும் காட்டி, “மாமா, இந்த மூலைக்கு நான்தான் பொறுப்பு. இது எப்படி இருக்கணும்னு கொள்கை எழுதிக்கிட்டு இருக்கோம். உங்களுக்கு ஏதாச்சும் தோணுனா சொல்லுங்க” என்றாய். வாயில் முறுக்கை வைத்துக்கொண்டு சொன்ன சொல்தான். ஆனாலும் சொன்னாய். அரசாங்க அலுவலகத்தில் அறிவிப்புப் பலகையின் கண்ணாடிக் கதவுக்குச் சாவி வைத்திருந்தவனிடம் அபிப்பிராயம் கேட்டால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை மின்னஞ்சலில் அனுப்பலாம்தான். அனுப்பினால் உன் திரையிலும் ஒரு பெட்டி எழும்பி, ஐந்து நொடியில் காணாமல் போய்விடும். அதனால் தபாலில் வருகிறது. பொறுமையாகப் படி.

விஷயம் இதுதான். போன மாதம் மாமியின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. சுண்டைக்காய் அளவு. வலி இல்லை. வலி இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஜொகூர் பாருவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் தொட்டுப் பார்த்தார், முகத்தில் ஒன்றையும் காட்டாமல் ஊசி குத்தி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எடுத்தார்கள். உன் அம்மாவுக்குச் சொல்லவில்லை. பெக்கான் நானாஸில் இருக்கும் மாமியின் அக்கா கனகம்மாவுக்கும் சொல்லவில்லை, அவளுக்குச் சொன்னால் ஜொகூர் முழுவதற்கும் சொன்ன மாதிரி. முகப்பில் இருந்த பெண், ஷர்மினி என்று மார்பில் பெயர் அட்டை குத்தியிருந்தாள், “அங்கிள், ரிசல்ட் வந்ததும் உங்க கம்ப்யூட்டர்லயே காட்டிரும். நீங்க வந்து காத்திருக்க வேணாம்” என்று சொல்லி அவர்களுடைய செயலியைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் போட்டேன். அன்று முதல் அந்த மூலைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவன்தான், சாப்பாடு கூட அங்கேயே.

தயா, உன் மூலை சும்மா இருக்கும் என்றுதான் நினைத்தேன். அதற்கு அன்று முதல் வாய் ஓயவில்லை. மழை வரப்போகிறது என்று ஒரு பெட்டி எழும்பும், ஜொகூர் பாருவில் பின்னேரம் மழை வரும் என்று சொல்ல ஒரு கணினி வேண்டுமா? அது சொல்லி முடிப்பதற்குள் கொடியில் கிடந்த துணியெல்லாம் நனைந்திருக்கும். பிறகு ஏதோ ஒரு பாட்டுச் செயலி எனக்குப் பிடிக்கக்கூடிய பாட்டுகளைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சந்தோஷப்படும். இன்னொன்று தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டுவிட்டேன் என்று வந்து பாராட்டு எதிர்பார்த்து நிற்கும். நான் ஒருநாளும் திறந்து பார்க்காத ஒரு விளையாட்டில் எனக்கு மாட்டுப்பண்ணை இருக்கிறதாம், அந்த மாடுகளுக்குப் பசியாம். எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம், ‘டிங்’. ஒவ்வொரு ‘டிங்’குக்கும் எனக்கு நெஞ்சு ஒரு தடவை நின்று ஓடும். அடுப்படியிலிருந்து மாமி, “என்னங்க, வந்திருச்சா?” என்பாள். “இல்ல, மாட்டுக்குப் பசியாம்” என்பேன். கொஞ்ச நேரம் கரண்டிச் சத்தம் கேட்காது. அப்புறம் கேட்கும்.

ஆகவே முதல் கொள்கையை எழுதிக்கொள். மணி அடிக்க நினைக்கிற ஒவ்வொரு செயலியும், அந்த வீட்டில் யாராவது பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டு அடிக்க வேண்டும். எங்கள் அலுவலகப் பலகையில் அதிகாரியின் சாப், அந்த ரப்பர் முத்திரை, இல்லாமல் ஒரு துண்டுக் காகிதம் ஏற முடியாது. மாவட்ட அதிகாரியின் மைத்துனர் பழைய குளிர்சாதனப் பெட்டி விற்க வேண்டும் என்று ஒரு தடவை கொண்டுவந்தார், நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டேன். உன் மூலையில் வியாபாரிகளுக்கு இடம் கொடுத்தது யார்? அந்த ஆளைப் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

இப்படியே வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை மூலையில் ஒரு சத்தமும் இல்லை. மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பிறை நிலா மட்டும். மழை பெய்தது, அறிவிப்பு இல்லை. மாடுகள் வயிறு நிறைந்து தூங்கின போல. முதலில் நிம்மதியாக இருந்தது, கணினிக்கும் நம் நிலைமை புரிந்துவிட்டது என்று மாமியிடம் சொன்னேன். மத்தியானத்துக்கு மேல் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டேன். நல்ல செய்தி என்றால் இவ்வளவு நேரம் பிடிக்குமா என்று நினைத்தேன். மாமியும் அதையே நினைத்தாள் என்பது அவள் கேள்வி கேட்பதை நிறுத்தியதிலிருந்து தெரிந்தது. சனிக்கிழமையும் அதே நிலா, அதே அமைதி. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தொலைக்காட்சியைப் பார்த்தோம்.

நேற்றுச் சாயங்காலம் அமைப்புகளைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த அமைதி உன் வேலை. தீபாவளிக்கு வந்தபோது எங்களுக்கு ஓய்வு நாளில் தொந்தரவு இருக்கக்கூடாது என்று ஜொகூர் வழக்கப்படி வெள்ளியும் சனியும் மூலையை வாய் மூடி இருக்கும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நல்ல எண்ணம்தான். ஆனால் இந்த ஜனவரியிலிருந்து ஜொகூரில் விடுமுறை சனியும் ஞாயிறும் என்று மாறிவிட்டது. ஊரே மாறிவிட்டது, உன் மூலை மட்டும் மாறவில்லை. ஓய்வுபெற்றவனுக்கு எல்லா நாளும் ஒரே நாள் என்பதால் நானும் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வழக்கம்போல வேலை செய்து மாமியின் முடிவை அனுப்பியிருக்கிறது. உன் மூலை அதை வாங்கிப் பாயின் அடியில் வைத்துக்கொண்டு, நிலாவைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. இரண்டாவது கொள்கை: வாயை மூடிக்கொண்டிருக்கும்போது, நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிலா படம் போட்டால் யாருக்குப் புரியும்? நான் அமாவாசை, பௌர்ணமி ஏதோ காட்டுகிறது என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை நிலா மறைந்தது. இரண்டு நாள் அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பியது. டிங், மழை. டிங், பாட்டு. டிங், மாடு. நான் கண்ணாடியைக் கழற்றிக் கைலி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தேன். டிங். பச்சை நிறத்தில் ஒரு பெட்டி, ஓரத்தில் ஆஸ்பத்திரிச் சின்னம் மாதிரி ஒன்று. “சுபா!” என்று கத்திக்கொண்டே கண்ணாடியை மாட்டினேன். பெட்டி போய்விட்டது. அந்த இடத்தில் மாட்டுத்தீவனம் பாதி விலை என்று நின்றது. மூன்றாவது கொள்கையை நீ பெரிய எழுத்தில் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும்: பார்க்க வேண்டியவன் பார்த்துவிட்டான் என்று தெரியும்வரை அறிவிப்பு நகரக்கூடாது. உலகத்தில் எந்தத் தபால்காரனாவது கதவைத் தட்டிவிட்டு ஐந்து நொடியில் கடிதத்தோடு ஓடிப்போவானா?

மாமி ஈரக் கையோடு வந்து நின்றாள். மூலையில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அமுக்கினால் பழைய அறிவிப்புகள் எல்லாம் ஒரு பட்டியலாக வரும் என்று நீ காட்டிக்கொடுத்தது ஞாபகம் வந்து அமுக்கினேன். வந்தது. தீபாவளியிலிருந்து வந்த அத்தனையும் வந்தது. அதில் ஒன்றைக்கூட நான் அகற்றியிருக்கவில்லை, காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘சரி’ என்று இருந்தது. ‘சரி’ என்றால் நான் பொறுப்பு ஏற்றுக்கொள்கிறேன் என்றுதானே பொருள்? நடவடிக்கை எடுக்காத விஷயத்துக்குச் ‘சரி’ போட்டு நான் பழகியதில்லை. ஆக, நான் படித்து முடிவு செய்ய வேண்டிய நிலுவை மலை மாதிரி கிடந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, பட்டியலின் கடைசிக்குப் போய், மிகப் பழைய அறிவிப்பிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். தீபாவளி முறுக்கு மாவுக்குச் சலுகையாம், நாளையோடு முடிகிறதாம், எந்த நாளையோ.

“என்ன செய்றீங்க?” என்றாள் மாமி.

“வந்த வரிசைப்படி பாக்குறேன். நடுவுல கை வெச்சா குழப்பம் ஆயிரும்.”

“வரிசையா? என் கழுத்து வரிசையில நிக்கிதா? முறுக்கு மாவுக்கு அப்புறமா?”

தயா, நாங்கள் கல்யாணம் செய்து வாழ்ந்த காலத்தில் உன் மாமி என்னிடம் குரலை உயர்த்தியதில்லை என்று நான் சொன்னால் நீ நம்பமாட்டாய், உயர்த்தியிருக்கிறாள். ஆனால் இப்படி உயர்த்தியதில்லை.   என் அலுவலகத்தில் வரிசையை மீறி ஒருவரும் வந்ததில்லை, அது உண்மை. ஆனால் அன்று நான் கடைசியிலிருந்து தொடங்கியதற்கு அது காரணமில்லை. அந்தப் பச்சைப் பெட்டி பட்டியலின் மேலேதான் எங்கோ இருந்தது, எனக்கு அதைத் திறக்கக் கை வரவில்லை. முறுக்கு மாவும் மாடும் மழையும் இருக்கும்வரை அது வராது. அவ்வளவுதான். எனக்குப் பயமாக இருந்தது. இதைக் கொள்கையாக எழுத முடியுமா என்று தெரியவில்லை, முடிந்தால் எழுது: சில அறிவிப்பைத் திறப்பவனுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

ஆள் வந்தார். பக்கத்து வீட்டு லியாக்கத் அலி. கடைவீதியில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர், உனக்குக்கூட ஒரு தடவை மீன் தலைக்கறி கொண்டுவந்து கொடுத்தார். மாமியின் குரல் வேலிக்கு அப்பால் கேட்டு ஓடி வந்தவரிடம் மாமி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், கட்டி, ஊசி, நிலா, மாடு, முறுக்கு மாவு, எல்லாம். யாருக்கும் சொல்லாமல் காத்த ரகசியம் அத்துடன் போனது. “அண்ணே, நகருங்க, நான் பாக்குறேன்” என்று அவர் என் நாற்காலிக்குப் பின்னாலிருந்து குனிந்து கணினி எலியைப் பிடித்தார். “யா அல்லா, இவ்ளோ குப்பையா? முதல்ல இதக் கொஞ்சம் கூட்டித் தள்ளலாம்” என்று எதையோ அமுக்கினார்.

பட்டியல் வெறுமையானது. முறுக்கு மாவு இல்லை, மாடு இல்லை, மழை இல்லை, பச்சைப் பெட்டி இல்லை. வெள்ளை வெளேரென்று, ‘புதிய அறிவிப்புகள் எதுவும் இல்லை’ என்று இருந்தது.

“அலமாக்!” என்று தலையில் கை வைத்தார் லியாக்கத் அலி.  அந்த மனிதர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. எத்தனையாவது கொள்கை என்று மறந்துவிட்டது, எண் நீயே போட்டுக்கொள்: எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துடைக்கும் பொத்தானை, நல்லெண்ணத்தோடு வரும் அண்டை வீட்டுக்காரர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கக்கூடாது. வைத்தால், துடைத்ததைத் திரும்ப எடுக்க ஒரு வழியும் வைக்க வேண்டும். எங்கள் பலகையில் கழற்றிய அறிவிப்பைக்கூட ஒரு கோப்பில் போட்டு வைப்பேன்.

மாமிதான் தொலைபேசியை எடுத்து என் கையில் வைத்தாள். ஆஸ்பத்திரிக்கு அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பெண் ஷர்மினியே இருந்தாள், நல்ல வேளை. அறிவிப்பு அழிந்துவிட்டது, முடிவு போய்விட்டது, திரும்ப ஊசி குத்த வேண்டுமா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

“அங்கிள், அங்கிள், பயப்படாதீங்க. நோட்டிஃபிகேஷன் போனா போகட்டும் லா. அது வந்திருக்குன்னு சொல்றதுக்குத்தான். ரிப்போர்ட் எங்கயும் போகாது, உங்க மெயில்ல வெள்ளிக்கிழமையே இருக்கு. திறந்து பாருங்க.”

“நீங்களே சொல்லிருங்களேன்மா.”

“போன்ல சொல்லக்கூடாது அங்கிள். திறங்க, அடையாள அட்டை நம்பர் கேக்கும்.”

அட்டை எண்ணை நான் இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். மூன்றாவது தடவை லியாக்கத் அலி ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ரிப்போர்ட் திறந்தது. எழுத்துகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு தெரிந்தன, கண்ணாடி போட்டுத்தான் இருந்தேன். மாமி என் தோளைப் பிடித்து, “எழுந்திருங்க” என்றாள். அவள் உட்கார்ந்தாள். “வரிசையாவே படிக்கிறேன், உங்களுக்கு அதானே பிடிக்கும்” என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி விலாசத்திலிருந்து தொடங்கினாள். தெருப்பெயர், அஞ்சல் குறியீடு, தன் பெயர், தன் வயது, எந்த டாக்டர், எந்தப் பக்கக் கழுத்து. ஒன்றையும் விடாமல், பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற பிள்ளை மாதிரி வாசித்தாள். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினாள். பிறகு தமிழில் சொன்னாள்.

“கெட்ட கட்டி இல்லையாம்.”

“சரியாப் பாரு.”

“இல்லைங்க. புற்றுநோய் இல்ல. ஒண்ணுமில்லையாம்.”

நான் அழுதேன், மருமகனே. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. லியாக்கத் அலி சன்னல் வழியாக எங்கள் பப்பாளி மரத்தை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அக்கா, இன்னிக்கு அடுப்பு பத்த வைக்காதீங்க, எல்லாம் கடையிலேருந்து வரும்” என்று சொல்லிவிட்டுப் போனார். வந்தது. ஒரு தெருவே சாப்பிடும் அளவுக்கு ரொட்டி சானாயும் ஆட்டுக்கறியும் வந்தது. மாமி இரண்டு தட்டு சாப்பிட்டாள். இத்தனை நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான்தான் மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே.

சாயங்காலம் மனது ஒரு நிலைக்கு வந்ததும் உன் மூலைக்குள் போய், மழை, பாட்டு, மாடு எல்லாவற்றின் வாயையும் ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டேன். இனி அந்த மூலையில் உயிர் போகிற விஷயம் தவிர வேறெதுவும் எழும்பக்கூடாது. நாள் கடந்த அறிவிப்பு தானாக இறங்கிவிட வேண்டும், யார் அனுப்பியது என்பது முதல் வரியிலேயே இருக்க வேண்டும், அவசரமானதற்கு ஒரு சத்தம், மற்றதற்குச் சத்தமே வேண்டாம். அறிவிப்பு என்பது கதவைத் தட்டும் கை, வீட்டுக்குள் இருக்கும் பொருள் வேறு என்று என்னைப் போன்றவர்களுக்குப் புரியும்படி எங்காவது எழுதிப்போடு. அந்த ஷர்மினிக்குத் தெரிந்த அளவு உன் கம்பெனிக்குத் தெரிந்தால் போதும். இவற்றையெல்லாம் உன் மேலதிகாரியிடம் காட்டு. என் பெயரைப் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை, போட்டால் தடுக்கவும் மாட்டேன்.

உன் அம்மாவுக்கு நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. முதலில் ஒன்றுமில்லை என்று சொல், பிறகு கட்டி என்று சொல். மாற்றிச் சொல்லிவிடாதே. வரும் வாரக்கடைசியில் பாலம் தாண்டி வீட்டுக்கு வா, மாமி உனக்குப் பனங்கிழங்கு மாவு போட்டு ஒடியல் கூழ் காய்ச்சுவதாகச் சொல்கிறாள். சகல சௌபாக்கியங்களும் பெற்று, சத்தமில்லாத கணினியோடும் சத்தமுள்ள குடும்பத்தோடும் நீ நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசி.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா
ச. கமலநாதன்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்ட பிறகு திரும்ப எடுத்து எழுதுகிறேன். மேலே சொன்ன கொள்கைகளை யாரிடமும் காட்டாதே. காட்டிவிட்டால், மாமாவுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிச் சமாளி. எல்லாவற்றின் வாயையும் கட்டிவிட்டேன் அல்லவா, இன்று காலை முழுக்க வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மத்தியானத்துக்குள் மாமி மூன்று நாலு தடவை அடுப்படியிலிருந்து வந்து, திரையின் மூலையைப் பார்த்துவிட்டுப் போனாள். ஒவ்வொரு தடவையும் கை கழுத்தில் இருந்தது. “அதான் ஒண்ணுமில்லன்னு வந்திருச்சே சுபா” என்றேன். “தெரியும்ங்க. ஆனா இப்படி அமைதியா இருந்தா வெள்ளிக்கிழமை மாதிரியே இருக்கு” என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக எல்லாவற்றின் வாயையும் திரும்ப அவிழ்த்துவிட்டேன். உடனே ஒன்று எழும்பி, நான் ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறேனாம், எழுந்து கொஞ்சம் நடக்க வேண்டுமாம். அடுப்படியிலிருந்து மாமி சிரிப்பது கேட்டது. ஆறு மாதம் கழித்து ஒரு தடவை வந்து காட்டிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதுவரை அந்த மூலை என்ன வேண்டுமானாலும் உளறட்டும். அது உளறிக்கொண்டிருக்கும்போது மாமி கழுத்திலிருந்து கையை எடுத்துவிடுகிறாள்.